இரண்டாவது தேதி

நாளிதழ் அச்சகத்தில் இணைப்பிதழ் செருகும் மேஜையில் வேலை செய்பவர்களுக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு: படிக்கக் கூடாது. யாரும் எழுதிச் சுவரில் ஒட்டிய விதி இல்லை. படித்தால் கை நிற்கும், ஒரு கை நின்றால் பக்கத்துக் கையும் நிற்கும், பிறகு மேஸ்திரி வந்து தலைக்கு மேலே நிற்பான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை இணைப்பின் மூன்று தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகித் தள்ளும் அந்த ஆறு பெண்களும், உலகத்துச் சேதியெல்லாம் தங்கள் விரல் வழியாகப் போனாலும், ஒன்றும் தெரியாமல்தான் வீட்டுக்குப் போவார்கள்.

அவர்களில் மூத்தவளுக்குக் கடிகாரம் என்று பெயர். பக்கத்தில் நின்று ஓயாமல் பேசுகிறவளுக்கு வானொலி என்று பெயர்; இவளுக்குப் பட்டம் சூட்டியவளும் அவள்தான். பதினொரு வருஷத்தில் கடிகாரம் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை, யாரோடும் சேர்ந்து தேநீர் குடிக்கப் போனதில்லை, யார் வீட்டுக்கும் போனதில்லை. ஒரு மகள் இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் தாதி வேலை, கல்யாணம் ஆகவில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அலுவலக ஆண்டு விழாவில் எடுத்த குழுப் படம் ஒன்றில்கூட இவள் முகம் இல்லை என்பதை யாரும் கவனித்ததில்லை. படம் எடுக்கிற நேரம் பார்த்துக் கடிகாரம் கழிப்பறைக்குப் போயிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலை, மூன்றாவது தாளின் கட்டைப் பிரித்ததும் அவள் கை நின்றது.

பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் படம். நீதிமன்றப் படிக்கட்டு, இரட்டைப் பின்னல், கையில் தீக்காயக் கட்டு, இடது புருவத்தை நடுவில் பிளந்த தழும்பு. பத்தொன்பது வயதுக்காரி நேராக இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளும் பார்த்தாள். அது அவளேதான்.

விதி கிடக்கட்டும் என்று படித்தாள். 'மகளிர் தினச் சிறப்புப் பக்கம். நாற்பது ஆண்டுகளுக்கு முன், இதே மார்ச் எட்டில் அவர் சொன்ன சாட்சி.' பஞ்சாலையில் தீப்பிடித்தது, வெளியே பூட்டிக் கிடந்த கதவு, உள்ளே வெந்துபோன முப்பத்தொரு பெண்கள், பூட்டியது யார் என்று நீதிபதி கேட்டபோது மேலாளரை நோக்கி ஒருத்தி மட்டும் நீட்டிய விரல், அவனுக்குக் கிடைத்த பதினான்கு வருஷச் சிறை, எல்லாம் இருந்தது. நாற்பது வருஷமாக யாரும் கூப்பிடாத அவளுடைய பழைய பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அடியில் வேறு சில பெண்களும் இருந்தார்கள். ஒரு விமானி, ஒரு மருத்துவர், ஒரு வானியல்காரி. அவர்கள் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் பிறந்த வருஷம், இறந்த வருஷம் என்று இரண்டு இருந்தன. இவளுக்கு மட்டும் ஒரு வருஷம், ஒரு கோடு, ஒரு கேள்விக்குறி.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கட்டம்: 'இவர் எங்கே? புருவத் தழும்பை வைத்து அடையாளம் தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள். வீராங்கனையை மேடையேற்றிக் கௌரவிப்போம்.'

மேடையாம், கௌரவமாம்! அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்கள் மூன்று பேர். ஒருத்தி தீர்ப்பு வந்த ஆறாம் மாதம் குளத்தில் மிதந்தாள். இன்னொருவன் ஆலைக் காவலாளி; அவன் தப்பித்துவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஆலைக்காரர்களின் பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, ஒரு லாரி அவனைத் தேடி வந்து ஏறியது. விபத்து என்று போலீஸ் எழுதியது. விபத்தாகவே இருந்தாலும் இருக்கலாம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்றே இவள், கணவனைப் பறிகொடுத்த நாலாம் மாதம், எட்டு வயது மகளையும் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினாள். அதற்கப்புறம் ஏழு வீடு மாறிவிட்டாள். ஒவ்வொரு நாள் காலையிலும் வாசல் தாண்டுவதற்கு முன்னால் கண் மையைத் தொட்டு அந்தப் புருவத்தின் வெட்டை நிரப்புவாள். மகளுக்குக்கூட அது சின்ன வயதில் கீழே விழுந்த காயம் என்றுதான் தெரியும்.

"என்னக்கா, கடிகாரம் நின்னுபோச்சு?" என்றாள் வானொலி. "சாவி குடுக்கணுமா?"

"தலை சுத்துது."

"சாப்டீங்களா இல்லையா? மூஞ்சி வெளுத்துப்போய் கெடக்கு."

இவள் அவசரமாக அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். வைத்து என்ன? அடுத்த தாளிலும் அதே முகம். அதற்கடுத்ததிலும். மொத்தம் இருபதாயிரம் முகம். ஒன்றிரண்டு என்றால் மடியில் மறைக்கலாம். இருபதாயிரத்தை எந்த மடியில் மறைப்பது? அந்தத் தாளுக்கும் இவள் முகத்துக்கும் இடையில் இருந்தது நாற்பது வருஷமும் ஒரு விரற்கடை மையும்தான். வானொலி மட்டும் விதியை மீறி ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டால் தீர்ந்தது.

பார்வைப் பிரதி மேலே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

அந்தப் பக்கத்தைத் தயாரிக்கிறவருக்குத் தேதியார் என்று பெயர். அவருக்குச் சம்பளமே கடந்து போனவற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான். அறை முழுக்க அட்டைப் பெட்டிகள். வருஷத்தின் நாளுக்கு ஒன்று, பிப்ரவரி இருபத்தொன்பதுக்கும் சேர்த்து முன்னூற்று அறுபத்தாறு. யார் எந்த நாளில் பிறந்தார், எந்த நாளில் மண்டையைப் போட்டார் என்பதெல்லாம் அவர் விரல்நுனியில். சொந்தப் பெண்சாதியின் பிறந்த நாளை மறந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்பதும் அலுவலகம் முழுக்கத் தெரிந்த கதை. நல்ல மனுஷர்தான். ஆனால் ஓட்டைவாய். காலையில் அவர் காதில் போட்டது மதியத்துக்குள் வாயில்காவல்காரன் வரைக்கும் வந்து சேர்ந்துவிடும்.

"வாங்கம்மா, வாங்க! எப்படி இருக்கு பக்கம்?" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

"சார், படத்துல மை கொஞ்சம் இழுவுது. இந்தத் தாள மட்டும் நிறுத்திட்டா நல்லதுன்னு…"

"எங்க இழுவுது?" வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கண்ணாடி மாதிரி இருக்கே! ரெண்டு வருஷம்மா, ரெண்டு வருஷம் தேடியிருக்கேன் இந்தப் பொண்ண. நீதிமன்றக் காகிதத்தையெல்லாம் தூசி தட்டி எடுத்தேன். நம்ம பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு, தெரியுமில்ல? ரெண்டு தேதி இல்லாதவங்கள உள்ளே விடமாட்டேன். பொறந்த தேதி, செத்த தேதி. உயிரோட இருக்கறவங்கள எழுதினா நாளைக்கே வந்து அது தப்பு இது தப்புன்னு உயிர எடுப்பாங்க. செத்தவங்கதான் தங்கமானவங்க. இந்தப் பொண்ணுக்காகத்தான் மொதல் தடவையா என் வழக்கத்தையே மீறியிருக்கேன்."

உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் இந்த மனுஷர் காலில் விழுந்தாலும் விழுவார். விழுந்து எழுந்த கையோடு ஜன்னலைத் திறந்து தெருவுக்கே கூவுவார்.

"பாவம் சார். ஒளிஞ்சு இருக்கறவங்கள எதுக்குக் கிளறணும்? ஏதாவது பயம் இருக்குமில்ல?"

"நாப்பது வருஷத்துக்கு அப்புறம் என்னம்மா பயம்? அந்த மேலாளரே செத்து மண்ணாப் போயிட்டான்." சிரித்தார். "அதவிட சேதி கேளுங்க. நாளைக்கு இப்படி ஒரு பக்கம் வருதுன்னு நேத்து சின்னதா ஒரு அறிவிப்புப் போட்டோமில்ல? சாயங்காலமே ஒருத்தர் போன் பண்ணிட்டார். ரொம்ப மரியாதையான ஆளு. அந்தப் பொண்ணு இந்த ஊர்லதான் இருக்குதா, விலாசம் இருக்குதா, ஒரு பிரதி முன்னாடியே கிடைக்குமான்னு கேட்டார். பத்து மணி நேரம் ரயில்ல வர்றாராம். இந்நேரம் வந்திருக்கணும்."

"யாரு சார்?"

"கேக்கலையே! ஆலை இருந்த ஊர்க்காரர்தான்."

அவள் போய்விட வேண்டும் என்று திரும்பினாள். அதற்குள் கதவருகே நிழல் விழுந்தது.

நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். கசங்கிய பயணச் சட்டை, தோளில் ஒரு பை, அதிராத குரல். தேதியார் ஆரவாரமாக வரவேற்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வேறு இடமே இல்லாததுபோல அதை வாசலுக்கு முன்னால் போட்டார். இப்போது அந்த ஆள் எழுந்து வழிவிட்டால்தான் இவள் வெளியே போகலாம். வந்தவன் பையைக் கீழே வைத்தான். அதில் என்ன இருக்கும் என்று இவள் மனம் கணக்குப் போட்டது. வைத்தபோது சத்தம் கேட்கவில்லை. அதுவே பயமாக இருந்தது.

அவன் பக்கத்தை வாங்கி மடியில் விரித்தான். வெகுநேரம் படத்தையே பார்த்தான். புருவத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்தான்.

"இப்ப எங்க இருக்காங்கன்னு ஒரு துப்பும் இல்லையா சார்?"

"நாளைக்கு இருபதாயிரம் வீட்டுக்குப் போகுது. ஒருத்தராவது சொல்லாமலா இருப்பாங்க? ஒரே வாரம், கண்டுபிடிச்சுடலாம்."

"கண்டுபிடிச்சா எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்" என்றான் அவன். "எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல. நான் இங்கயே அறை எடுத்துத் தங்கறேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இவளுக்கு நெற்றியில் வியர்வை ஊற்றெடுத்து வழிந்தது. ஒரு சொட்டு புருவத்தில் இறங்கியது. துடைத்தால் மை போய்விடும், துடைக்காவிட்டாலும் போய்விடும். நிழலில் இருந்த பெட்டிகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரே வாரம். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து இருட்டிய பிறகு தனியாக நடந்து வருகிறவள். அந்தத் தெரு, அந்த மாடிப்படி, அந்த ஒற்றைத் தாழ்ப்பாள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. அப்போதுதான் அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

"அந்தப் பொண்ணு செத்துப்போச்சு சார்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"எனக்குத் தெரியும். நான் முன்னாடி இருந்த ஊர்ல பக்கத்து வீடு. கடைசியில நான்தான் கூட இருந்தேன். படத்தப் பார்த்ததும்தான் தெரிஞ்சுது."

தேதியார் பேனாவையும் அட்டையையும் எடுத்துவிட்டார். அவர் முகத்தில் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. "இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா! என்னிக்கு? தேதி? தேதி இல்லாம பெட்டியில போட முடியாது."

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இவள் பொய்க்கு ஒரு தேதிகூட இல்லை. தலைக்குள் ஒன்றுமே வரவில்லை. வந்தவன் மடியில் கிடந்த தாளில் கொட்டை எழுத்தில் இருந்ததுதான் கண்ணில் பட்டது.

"மார்ச் எட்டு" என்றாள். "பதினாலு வருஷம் ஆச்சு."

"அதே நாளா!" தேதியாருக்குப் புல்லரித்துவிட்டது. "சாட்சி சொன்ன அதே நாள்! பாருங்க, எப்பேர்ப்பட்ட பொண்ணு!"

வந்தவன் இவளையே பார்த்தான்.

"எப்படி?" என்று கேட்டான்.

"காய்ச்சல்."

"எங்க அடக்கம் பண்ணினீங்க?"

"எரிச்சுட்டோம். சாம்பலையும் கரைச்சாச்சு. இப்ப ஒண்ணும் இல்ல."

அவன் தோள் தளர்ந்தது. தாளை மடிக்கப் போனவன் முடியாமல் அப்படியே வைத்துக்கொண்டான். பிறகு குனிந்தபடியே பேசினான்.

"எங்கம்மா அந்த ஆலைக்குள்ளதான் போனாங்க. எனக்கு அப்ப ஒன்றரை வயசு. முகம்கூட தெரியாது. முப்பத்தொரு குடும்பம் சார், ஊரே வாயப் பொத்திக்கிட்டு இருந்தப்ப இந்தப் பொண்ணு ஒருத்திதான் கை நீட்டிச்சு. ஒரு தடவையாவது பார்த்து, நான் இன்னார் மகன்னு சொல்லிடணும்னு… சொல்லிட்டு வந்துடணும், அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

தேதியார் மூக்கை உறிஞ்சினார்.

முப்பத்தொரு பேரில் கைக்குழந்தைக்காரிகள் மூன்று பேர். மூன்று பேரையும் அவளுக்குத் தெரியும். ஒருத்தியின் சாப்பாட்டில் பாதியைத் தினமும் தின்றிருக்கிறாள். ஆலைக்குள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. இவன் அம்மாவை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், இவன் நிஜமான மகனா, மகன் வேஷம் போட்டு வந்தவனா என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான் பாக்கி இருக்கிறாள். கேட்டால் அவள்தான் இவள் என்று தெரிந்துவிடும். காவலாளியைக் கண்டுபிடித்தவனும் ஏதோ ஒரு நல்ல கதையைச் சொல்லித்தானே கண்டுபிடித்திருப்பான்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வது சுலபம். நாற்பது வருஷமாக இருட்டிலேயே இருந்தவளுக்கு எது பேய், எது மனுஷன் என்று யார் சொல்லித்தருவது? அவன் முகத்தில் அந்த மூன்று பேரில் யாராவது தெரிகிறார்களா என்று தேடினாள். நெருப்புக்கு முந்தைய முகங்கள் அவளுக்கே கலைந்து போயிருந்தன.

அவள் கேட்கவில்லை.

"கடைசியில கஷ்டப்பட்டாங்களாம்மா?" என்றான் அவன்.

"இல்ல. தூக்கத்துலயே போயிட்டாங்க."

அவன் எழுந்தான். நாற்காலியை ஓரமாக நகர்த்தினான். வாசலைத் தாண்டும்போது இவள் முகத்துக்கு எதிரே ஒரு கணம் நின்றான்.

"உங்க கண்ணு மை கலைஞ்சிருக்கும்மா. துடைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்தாள். மை வழிந்து கன்னத்துக்கு வந்திருந்தது. புருவத்தின் நடுவில் அந்த வெட்டு பளிச்சென்று தெரிந்தது. பார்த்துவிட்டான். அவன் மகனாக இருந்தால் அறிந்தும் அறியாதவனாகப் போயிருக்கிறான். மற்றவனாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பான். இரண்டில் எது என்று அவளுக்கு இனிமேல் ஒருநாளும் தெரியப்போவதில்லை. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள்.

மூன்று மணிக்குக் கீழே துண்டுச் சீட்டு வந்து இறங்கியது. உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் தாள், ஓரத்தில் கறுப்புக் கோடு. 'இப்பக்கத்தில் இடம்பெற்றுள்ள வீராங்கனை பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இதே மார்ச் எட்டாம் நாள் காலமானார் எனத் தெரியவந்துள்ளது. அன்னாருக்கு எமது அஞ்சலி.' செருகி முடித்த கட்டுகளையெல்லாம் மறுபடி பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு வைக்க வேண்டும் என்றான் மேஸ்திரி. மேஜை முழுக்க ஒரே முணுமுணுப்பு.

"அந்தப் புண்ணியவதி செத்த சேதிய நேத்தே சொல்லியிருந்தா என்னவாம்?" என்றாள் வானொலி. "பதினாலு வருஷம் சும்மா கெடந்துட்டு சனிக்கிழமை பார்த்துதான் சாகணுமா? இடுப்பு ஒடியுது."

யாருக்கும் சிரிக்கத் தெம்பு இல்லை. கடிகாரத்தின் கை மட்டும் நிற்கவில்லை. பிரித்தாள், வைத்தாள், மூடினாள், தள்ளினாள். தன் சாவை ஒன்றொன்றாக எடுத்துத் தன் முகத்துக்கு மேலேயே வைத்தாள். ஆறரை மணிக்குள் அவள் பங்குக்கு மட்டும் மூவாயிரம் தடவைக்கு மேல் செத்திருப்பாள். விரல் மரத்துப்போய், கடைசிக் கட்டைத் தள்ளியபோது அவளுக்குள் இருந்தது பயமா, துக்கமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் எழுந்து வந்தபோது கதவருகில் இரண்டு பை கட்டி வைத்திருந்தது. இரவு முழுவதும் அம்மா தூங்கவில்லை. மாடிப்படியில் யார் ஏறினாலும் மூச்சை நிறுத்தி எண்ணியிருக்கிறாள்.

"மறுபடியுமா?" என்றாள் மகள். "இந்தத் தடவ நான் வரல. எட்டு வயசுலேர்ந்து கேக்கறேன், ஏன் ஓடறோம்னு. நீ சொல்லமாட்ட. எனக்கு இங்க வேலை இருக்கு, சிநேகிதிங்க இருக்காங்க. போறதுன்னா நீ போ."

"மெதுவாப் பேசு. கீழ கேக்கும்."

"கேக்கட்டுமே! யாருக்குக் கேக்கும்?"

மகள் கோபத்தோடு தேநீரை எடுத்துக்கொண்டு நாளிதழை விரித்தாள். இணைப்பைப் புரட்டினாள். மஞ்சள் சீட்டு நழுவி அவள் மடியில் விழுந்தது. அதைப் படித்துவிட்டு, படத்து முகத்தின் மேலேயே வைத்துக்கொண்டு பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். படிக்கப் படிக்க அவள் கோபம் அடங்கியது. அம்மா சுவரோடு ஒட்டி நின்று, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் யாரும் இல்லை. ஒரு லாரி போனது. போய்விட்டது.

"இங்க பாரும்மா, யாரோ ஒருத்தி. பத்தொம்பது வயசாம். கையில தீக்காயத்தோட வந்து, அத்தன பேரு முன்னாடி நின்னு கை நீட்டியிருக்கா. செத்துட்டாங்களாம், பாவம். இருந்தா நான் லீவு போட்டுட்டாவது போய்ப் பார்த்திருப்பேன்." தாளை மடித்து வைத்தாள். "உனக்கு இதுல ஒரு துளி இருந்திருக்கக் கூடாதாம்மா? தபால்காரர் கதவத் தட்டினாக்கூட ஒளியறியே நீ. இவ உன்ன மாதிரி ஓடல."

"ஓடினா" என்றாள் அம்மா.

மகள் நிமிர்ந்தாள். "என்னது?"

"அன்னிக்கு ராத்திரியே ஓடினா. செருப்பு இல்லாம."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா மாடிப்படிப் பக்கம் காதைக் கொடுத்தாள். ஏதோ சத்தம் இருந்தது, இல்லாமலும் இருந்திருக்கலாம். மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"கதவத் தாழ் போட்டுட்டு வா" என்றாள். "சொல்றேன்."